சாவி உங்கள் கையில், பதிவு யார் பெயரில்?

கடிதத்தின் சுருக்கம்

ஹட்டன் நகரில் மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்க்கும் 28 வயது இளைஞர் எழுதியிருக்கிறார். வீடு நோர்வூட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில். கடை பூட்ட இரவு எட்டரை ஆகிவிடும். அந்த நேரத்தில் பஸ்ஸை நம்ப முடியாததால், 2016இல் அதே தோட்டத்து அண்ணன் ஒருவரிடம் பஜாஜ் டிஸ்கவர் 125 ஒன்றை வாங்கினார். காசைக் கொடுத்துவிட்டு, பதிவுப் புத்தகத்தையும் அண்ணன் கையொப்பமிட்ட படிவத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் வாங்கி வைத்துக்கொண்டார். எல்லோரும் சொல்லும் 'ஓப்பன் பேப்பர்' முறை. பெயர் இன்றுவரை மாற்றப்படவில்லை. அண்ணன் இப்போது குடும்பத்தோடு வத்தளையில் இருக்கிறார். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது அண்ணனைத் தேடிப்பிடித்துப் பதிவு செய்வதற்குள் பெரும்பாடு பட்டதாகவும் எழுதியிருக்கிறார்.

இப்போது டிஸ்கவர் மேட்டில் இழுக்கவில்லை. பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கும் கடையில் 2018ஆம் ஆண்டு யமஹா எப்.இசட். ஒன்றைப் பார்த்திருக்கிறார். விலை 640,000 ரூபா. டிஸ்கவரை 190,000 ரூபாவுக்கு எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்கிறார். இவர் கையில் 150,000 ரூபா இருக்கிறது. அதில் 25,000 ரூபாவை அட்வான்ஸாகக் கொடுத்தும் விட்டார். மீதி 300,000 ரூபா. அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான், எப்.இசட். இன்னும் முந்தைய சொந்தக்காரரின் பெயரில் லீசிங்கில் இருப்பது தெரியவந்திருக்கிறது.

கடைக்காரர் இரண்டு வழி சொல்கிறார். ஒன்று, முந்தையவரின் பெயரிலேயே மிச்சமுள்ள 24 தவணைகளை மாதம் 12,500 ரூபா வீதம் இவர் கட்டி வருவது. அதற்கு ஜே.பி. (சமாதான நீதவான்) முன்னிலையில் ஒப்பந்தம் எழுதித் தருவார்களாம். மற்றது, தெரிந்த பினான்ஸ் கம்பனி ஒன்றில் இவர் பெயரில் 300,000 ரூபா எடுத்து, அதே 12,500 ரூபாவை 36 மாதம் கட்டுவது. இதற்குத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அம்மா பிணைக் கையொப்பம் இட வேண்டும். "சும்மா ஒரு கையெழுத்துத்தான்" என்கிறார்களாம்.

அவருடைய கேள்விகள் நான்கு. டிஸ்கவர் என் பெயரில் இல்லாததால், கடையில் கொடுத்த பிறகு என்ன நடந்தாலும் எனக்குப் பொறுப்பில்லைதானே? முதல் வழியில் வட்டி மிச்சமாகிறது, ஜே.பி. ஒப்பந்தமும் இருக்கிறது, அதையே எடுக்கலாமா? அம்மா கையொப்பமிட்டால் ஏதும் ஆபத்தா? வேண்டாம் என்று விலகினால் அட்வான்ஸ் போய்விடுமா?

சட்டத்தரணியின் பதில்

தம்பி, அட்வான்ஸைத் தவிர இன்னும் எதிலும் கையொப்பமிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. மாட்டிக்கொண்டோம் என்று பதற வேண்டாம், எல்லாவற்றையும் நேராக்கிக்கொள்ள இன்னும் வழி இருக்கிறது.

வண்டியைக் கொடு, மேலே காசைப் போடு, வேறு வண்டியை எடு என்று கடைக்காரர் இதை ஒரே கொடுக்கல் வாங்கலாகச் சொல்லியிருக்கிறார். சட்டப்படி இவை இரண்டு விற்பனைகள். ஒன்றில் நீங்கள் விற்பவர், மற்றதில் வாங்குபவர். உங்கள் விஷயத்தில் இரண்டிலுமே ஒரே கோளாறு இருக்கிறது. நீங்கள் விற்கப்போகும் வண்டியும் உங்கள் பெயரில் இல்லை, வாங்கப்போகும் வண்டியும் விற்பவரின் பெயரில் இல்லை. அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

டிஸ்கவர்: பெயர் இல்லாவிட்டால் பொறுப்பும் இல்லையா?

கடையில் கொடுத்த டிஸ்கவர் நாளை எங்கோ ஒருவரை மோதிவிட்டுப் போகிறது என்று வையுங்கள். அல்லது களவுச் சாமான் ஏற்றிப் பிடிபடுகிறது. பொலிஸார் வாகன இலக்கத்தைக் கொண்டு முதலில் பதிவுச் சொந்தக்காரரைத் தேடுவார்கள். அது வத்தளை அண்ணன். அவர் "2016இல் இன்னாருக்கு விற்றேன்" என்று உங்கள் பெயரைச் சொல்வார், சொல்லவும் வேண்டும். அடுத்து உங்களைக் கேட்பார்கள். வண்டியை எந்தத் திகதியில், எத்தனை மணிக்கு, யாரிடம் ஒப்படைத்தீர்கள் என்பதற்கு உங்கள் கையில் தாள் ஏதும் இருக்காது. வழக்கில் கடைசியில் நீங்கள் விடுபடலாம். ஆனால் அதற்குள் எத்தனை நாள் வேலைக்குப் போகாமல் நீதிமன்றத்தில் நிற்க வேண்டிவரும் என்று யோசியுங்கள். உங்களை நம்பி வண்டி தந்த அண்ணனும் உங்களோடு நிற்க வேண்டிவரும்.

இந்த நாட்டில் ஓப்பன் பேப்பர் அவ்வளவு பரவலாக இருப்பதால், அது சட்டம் அனுமதித்த ஒரு வழி என்றே பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, வண்டி கைமாறி 14 நாளுக்குள் பதிவுச் சொந்தக்காரர் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். வாங்கியவரும் அதே 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். விற்றவர் அறிவிப்பதற்கு எம்.டி.ஏ. 8 படிவம், பெயர் மாற்றத்துக்கு எம்.டி.ஏ. 6 படிவம். அண்ணன் அன்றே எம்.டி.ஏ. 8ஐப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதை வைத்திருந்தால் அவர் பாட்டுக்கு நிம்மதியாக இருந்திருப்பார். நீங்கள் எம்.டி.ஏ. 6ஐக் கொடுத்திருந்தால் 2022இல் எரிபொருளுக்காக அவரைத் தேடி அலைந்திருக்க வேண்டியதில்லை.

காப்புறுதியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இத்தனை வருடமாக யார் பெயரில் கட்டி வருகிறீர்கள்? பதிவு ஒருவர் பெயரிலும் ஓட்டம் இன்னொருவர் கையிலும் இருக்கும்போது விபத்து நடந்தால், இழப்பீட்டை மறுக்கக் கம்பனிக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்தது போலாகிவிடும்.

எனவே டிஸ்கவரைக் கடைக்கோ வேறு எவருக்கோ கொடுக்கும் முன் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். தாமதத்துக்குரிய கட்டணமும் வரும். பரவாயில்லை, கட்டுங்கள். அண்ணனிடமிருந்து புதிய படிவத்தில் புதுக் கையொப்பம் வாங்குங்கள். 2016இல் ஒப்பமிட்ட பழைய தாளை நம்பி அலுவலகத்துக்குப் போய் அலைய வேண்டாம். எந்தெந்த ஆவணங்கள் வேண்டும், திணைக்களத்தின் நாரஹேன்பிட்ட தலைமையகத்துக்கே போக வேண்டுமா என்பதை முதலில் அதன் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்ணன் பெயரிலிருந்து நேரடியாகக் கடைக்காரர் பெயருக்கோ, கடை கண்டுபிடிக்கும் ஆளின் பெயருக்கோ மாற்றலாமே என்று சிலர் சொல்வார்கள். செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் இந்தத் தொழிலில் இருக்கும் பலர் வண்டியைத் தங்கள் பெயருக்கு எழுதிக்கொள்வதில்லை. அடுத்த ஆள் கிடைக்கும்வரை அதே வெற்றுப் படிவத்தோடு வைத்திருப்பார்கள். அந்த ஆளும் அப்படியே இன்னொருவருக்குக் கொடுப்பார். அதனால் இந்தச் சுருக்கு வழி உங்களுக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதே வருடத்து டிஸ்கவருக்கு 260,000 ரூபா கேட்டு விளம்பரம் கண்டதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்கும் விலையெல்லாம் கிடைக்கும் விலை ஆகாது. கடைக்காரர் வண்டியைத் திருத்த வேண்டும், அதில் அவருக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டும். அதற்காக முப்பது, நாற்பதாயிரம் குறைவது நியாயம். எழுபதாயிரம் கூடுதல்தான். மாற்றி எடுக்கும்போது "மேலே எவ்வளவு போட வேண்டும்" என்ற பேச்சிலேயே இரண்டு விலையும் மறைந்துவிடும். "என் வண்டியைத் தராமல் முழுக்காசு தந்தால் எப்.இசட். எவ்வளவு?" என்று தனியாகக் கேளுங்கள். 640,000 என்பது உடனே இறங்கினால், உங்கள் டிஸ்கவருக்கு அவர் உண்மையில் எவ்வளவு போட்டிருக்கிறார் என்பது தெரிந்துவிடும். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளின் விலை தாறுமாறாக ஏறியது. 2025இலிருந்து இறக்குமதி மறுபடி நடக்கிறது. அதனால் "இன்றைக்கு விட்டால் கிடைக்காது" என்ற அவசரத்துக்கு மசிய வேண்டியதில்லை.

அடுத்தவர் பெயரில் தவணை கட்டுவது

உங்களுக்கு இந்த முதல் வழிதான் பிடித்திருக்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. காரணமும் விளங்குகிறது. 24 தவணை கட்டினால் சரியாக 300,000 ரூபா. இரண்டாவது வழியில் 36 தவணை, 450,000 ரூபா. ஒன்றரை இலட்சம் வித்தியாசம். உங்கள் இடத்தில் யாராக இருந்தாலும் மனம் அந்தப் பக்கம்தான் போகும்.

ஆனால் லீசிங் முடியும்வரை அந்த வண்டி முந்தையவருக்குச் சொந்தமில்லை. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று பினான்ஸ் கம்பனியின் பெயர் இருக்கும். கம்பனியின் சம்மதம் இல்லாமல் வண்டியை இன்னொருவருக்குக் கொடுத்தால் அவர் லீசிங் ஒப்பந்தத்தை மீறியவர் ஆவார். அப்போது கம்பனி ஒப்பந்தத்தை முடித்து வண்டியைத் திரும்ப எடுக்கலாம். நீங்கள் ஒரு தவணையும் தவறாமல் கட்டியிருந்தாலும், "இவர் யார்?" என்றுதான் கம்பனி கேட்கும். வண்டி ஏதாவது வழக்கில் பொலிஸிடம் சிக்கினாலும் இதே நிலைதான். லீசிங்கில் உள்ள வாகனத்தை விடுவிக்கும்போது, முழு உரிமையாளராகப் பதிவானவரையே வைத்திருக்க உரித்துள்ளவராகக் கொள்ள வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 433அ பிரிவு சொல்கிறது. உங்களுக்கு அங்கே இடமில்லை.

கட்டும் காசையும் யோசியுங்கள். நீங்கள் மாதாமாதம் கடைக்காரரிடமோ முந்தையவரிடமோ கொடுத்து, அவர்கள் அதைக் கம்பனியில் கட்டாமல் விட்டால் உங்களுக்கு எப்படித் தெரியும்? 24 தவணையும் கட்டி முடித்த பிறகு முந்தையவர் பெயர் மாற்ற வராமல் போனால்? வந்தாலும் இன்னும் ஐம்பதாயிரம் தந்தால்தான் ஒப்பமிடுவேன் என்றால்? டிஸ்கவரில் இத்தனை வருடம் பட்ட அதே பாட்டை, இந்த முறை மூன்று மடங்கு காசு போட்டு வாங்குகிறீர்கள்.

ஜே.பி. ஒப்பந்தம் வீண் என்று நான் சொல்லவில்லை. இன்ன திகதியில் இன்னாரிடம் இவ்வளவு காசு கொடுத்தேன் என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் அதில் பினான்ஸ் கம்பனி ஒரு தரப்பு இல்லை, அதனால் அது கம்பனியைக் கட்டுப்படுத்தாது. சமாதான நீதவானின் முத்திரை, கையொப்பமிட்டவர் இன்னார்தான் என்பதைக் காட்டும். தனக்கு உரிமையில்லாத பொருளை விற்பவருக்கு அந்த முத்திரை உரிமை கொடுத்துவிடாது. நம் பகுதியில் ஜே.பி. முன்னால் எழுதிவிட்டால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை வேரூன்றிப் போயிருக்கிறது. அந்த நம்பிக்கையில் காசை இழந்தவர்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இந்த வண்டிதான் வேண்டும் என்றால் அதற்கு நேரான வழி இருக்கிறது. முந்தையவரைக் கூட்டிக்கொண்டு பினான்ஸ் கம்பனியின் கிளைக்குப் போங்கள். இன்று முழுவதையும் தீர்த்தால் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். மிச்சமுள்ள 24 தவணையில் இனி வரப்போகும் வட்டியும் சேர்ந்திருப்பதால், அந்தத் தொகை 300,000 ரூபாவை விடக் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. அந்தக் காசை நேரே கம்பனியில் கட்டி, கம்பனி ரசீதும், முழு உரிமையாளர் பெயரை நீக்குவதற்கான கடிதமும் கையில் கிடைத்த பிறகே மீதியைக் கடைக்குக் கொடுங்கள். அல்லது மிச்சக் கடனை உங்கள் பெயருக்கு மாற்றிப் புதிய ஒப்பந்தம் போடக் கம்பனி சம்மதிக்குமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் கடைக்காரர் மழுப்பினால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

திணைக்களத்தின் இணையத்தளத்தில் வாகன இலக்கத்தைப் போட்டு, முழு உரிமையாளர் யார், எஞ்சின் இலக்கம் என்ன என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பிறகு அதை வண்டியில் அடித்திருக்கும் இலக்கத்தோடும், சேசிஸ் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடும் ஒத்துப்பாருங்கள். சேசிஸ் இலக்கம் ஹேண்டில் திரும்பும் கழுத்தில் இருக்கும். அந்த இடம் சுரண்டியோ புதிதாகப் பெயின்ட் அடித்தோ இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டாம். வருடாவருடம் எடுக்கும் வருமான உத்தரவுப்பத்திரத்தை எத்தனை வருடமாகப் புதுப்பிக்கவில்லை என்பதையும் பாருங்கள், அந்த நிலுவை உங்கள் தலையில் விழும். தெரிந்த கராஜ் பாஸ் ஒருவரைக் கூட்டிப்போய், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். கடை வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் போதாது. உங்கள் பாதை ஏற்றமும் இறக்கமும் மழையும் நிறைந்தது. கிளட்சும் பிரேக்கும் மேட்டுப் பாதையில்தான் உண்மையைச் சொல்லும்.

அம்மாவின் கையொப்பம்

இரண்டாவது வழி சட்டத்துக்குச் சரியானது. கடன் உங்கள் பெயரில், வண்டியும் உங்கள் பெயரில். கேள்வி அதன் விலையைப் பற்றியது. 300,000 எடுத்து 450,000 கட்டுவதை, "வருடத்துக்குப் பதினேழு வீதத்துக்கும் குறைவுதான்" என்று சொல்லியிருப்பார்கள். அது தொடக்கத் தொகை முழுவதற்கும் கடைசிவரை வட்டி போடும் கணக்கு. நீங்களோ ஒவ்வொரு மாதமும் முதலைத் திருப்பிக் கட்டி வருகிறீர்கள். குறைந்து வரும் மிச்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் வட்டி வருடத்துக்கு 28 வீதத்தைத் தாண்டுகிறது. கையொப்பமிடும் முன் அரச வங்கி ஒன்றிலும் உங்கள் பகுதிக் கூட்டுறவுச் சங்கத்திலும் கேட்டுப் பாருங்கள். நிரந்தரச் சம்பளச் சீட்டு இருந்தால் இதைவிடக் குறைந்த வட்டிக்குக் கிடைக்கலாம்.

அம்மாவின் கையொப்பம் சும்மா கையெழுத்து இல்லை, தம்பி. பிணை நிற்பவர், கடன்காரர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று உறுதி கொடுக்கிறார். முதலில் கடன்காரரிடம் கேளுங்கள், அவரால் முடியாவிட்டால் பிறகு என்னிடம் வாருங்கள் என்று சொல்லும் உரிமை நம் நாட்டின் ரோமன் டச்சுச் சட்டத்தில் பிணையாளிக்கு உண்டு. ஆனால் பினான்ஸ் கம்பனிகளின் பிணை ஒப்பந்தங்களில் அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதாக வழக்கமாக ஒரு வரி இருக்கும். கையொப்பமிட்டால் அதற்கும் சேர்த்துச் சம்மதித்ததாகிறது. உங்களுக்கு ஒரு விபத்து நடந்து நாலு மாதம் வேலைக்குப் போக முடியாவிட்டால், உங்களை விட்டுவிட்டு நேரே அம்மாவிடமே கேட்கலாம். வண்டியை எடுத்து ஏலத்தில் விற்ற பிறகும் காசு போதாவிட்டால் அந்த மிச்சத்தையும் கேட்கலாம்.

"வாசிக்காமல் கையொப்பமிட்டோம்", "அது இங்கிலிஷில் இருந்தது" என்பவை நீதிமன்றத்தில் எளிதில் எடுபடாத வாதங்கள். அதனால் முன்கூட்டியே கேளுங்கள். மத்திய வங்கியின் மேற்பார்வையில் உள்ள நிறுவனம் என்றால், நிபந்தனைகளை உங்களுக்கும் அம்மாவுக்கும் விளங்கும் மொழியில் தரும்படி கேட்க உரிமை உண்டு. தர மறுத்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்தில் முறையிடலாம். நிரப்பாத இடம் உள்ள எந்தத் தாளிலும் அம்மா கைவைக்கக் கூடாது. ஒப்பமிட்ட ஒவ்வொன்றின் பிரதியும் அன்றைக்கே உங்கள் கைக்கு வர வேண்டும்.

டிஸ்கவரை உங்கள் பெயருக்கு மாற்றி, கடையை நம்பாமல் நேரே ஒருவருக்கு விற்று, 230,000 கிடைத்தாலே, கையில் உள்ள காசோடும் திரும்பக் கிடைக்கும் அட்வான்ஸோடும் 380,000 ஆகிறது. லீசிங் இல்லாத, இதைவிட விலை குறைந்த ஒரு வண்டிக்கு அது போதலாம். அப்போது அம்மா எதிலும் கையொப்பமிட வேண்டியதே இல்லை. எப்.இசட். மேல் உங்களுக்கு ஆசை இருப்பது தெரிகிறது. ஆனாலும் உங்கள் நிலைமைக்கு இந்த வழிதான் நல்லது என்று நினைக்கிறேன். முன்னும் பின்னுமாக ஆறு மாதம் கூடச் செல்லலாம். அதுவரை டிஸ்கவருக்கு ஒரு கிளட்ச் பிளேட் செட்டும் செயின் செட்டும் போட்டால் மேடு ஏறுமா என்று பாஸிடம் கேளுங்கள்.

அட்வான்ஸ் 25,000

நீங்கள் வெறுமனே மனம் மாறி விலகினால், பேசிக்கொண்டபடி அட்வான்ஸைக் கடை வைத்துக்கொள்ளப் பார்க்கலாம். இங்கே நிலைமை வேறு. காசை வாங்கும்போது வண்டி லீசிங்கில் இருப்பதைச் சொல்லவில்லை. விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருக்க வேண்டும் என்பது, 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச்சட்டம் ஒவ்வொரு விற்பனையிலும் சேர்த்து வைத்திருக்கும் நிபந்தனை. "இருந்த நிலையில் விற்கப்படும்" என்று ரசீதில் அச்சடித்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அது வண்டியின் தேய்மானத்துக்குச் சொல்வது. அடுத்தவருடைய வண்டியை விற்க அது அனுமதி ஆகாது.

முதலில் அமைதியாகப் பேசுங்கள். பிறகு திகதியிட்டு ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம். திருப்பித் தராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அதனால் நாள் கடத்தாதீர்கள். இன்னொரு வழி, பிணக்குகளைப் பேசித் தீர்த்துவைக்கும் இணக்கசபை. அங்கே சட்டத்தரணி இல்லாமல் நீங்களே பேசலாம். இவ்வளவு தொகைக்கு எடுத்த எடுப்பில் வழக்குப் போடவும் முடியாது, முதலில் இணக்கசபைக்குத்தான் போக வேண்டும். அட்வான்ஸுக்கு ரசீது இல்லையென்றால், கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியை எடுத்தாலும் முதல் வேலை வத்தளை அண்ணனுக்குப் போன் போடுவதுதான். நாளைக்கு அவருக்கு ஒன்று ஆகிவிட்டால் நீங்கள் அவருடைய வாரிசுகளின் பின்னால் அலைய வேண்டும், பழைய ஒப்பத்தால் பயனில்லை. அவர் தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ தோட்டத்துக்கு வருவார் என்றால், எம்.டி.ஏ. 6, எம்.டி.ஏ. 8 படிவங்களை முன்னதாகவே எடுத்து வையுங்கள். அவர் வரும் வழியில்லை என்றால் ஒரு லீவு போட்டு நீங்களே வத்தளைக்குப் போய் வாருங்கள்.